மெட்டில்டாவின் பாசி அடுப்பு

மெட்டில்டாவைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். சர்க்கார் பணத்துக்கு ஆசைப்பட்டுத் தெருவுக்கே துரோகம் செய்தவள் என்கிறான் ஒருவன். எங்கள் வீட்டில் கஞ்சி கொதிப்பதே அவளால்தான் என்கிறாள் இன்னொருத்தி. இருவருமே அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். திரேஸ்புரத்து ஐஸ் பேக்டரியில் கணக்கெழுதுகிற இஞ்ஞாசி நான். யாருக்கும் வால் பிடித்துப் பழக்கமில்லாதவன் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அவள் புருஷன் கடலில் மூழ்கிப்போனபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. மீன்கூடை சுமந்தாள், கருவாடு காயப்போட்டாள், பிறகு பாசி எடுக்கிற பெண்களோடு சேர்ந்துகொண்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாறையிலிருந்து கஞ்சிப்பாசியைப் பிடுங்கிச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கி வருவார்கள். காயவைத்து ஏஜெண்டிடம் போட்டால் அவன் சொல்வதுதான் விலை. அந்தப் பாசி எங்கெங்கோ போய், இனிப்புச் செய்கிற வெள்ளை வெளேரென்ற கடல்பாசியாகி, கண்ணாடித்தாளில் சுற்றி நம் கடைக்கே திரும்பி வரும். காயல்பட்டினத்தில் நோன்பு மாதத்தில் அதற்கு இருக்கிற கிராக்கி சொல்லி மாளாது.

"கால் வெடிக்க நாம பிடுங்குனத நாமளே துட்டு குடுத்து வாங்குதோம். இது என்ன கூத்து அண்ணே?" என்று ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கடல் ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ கரைக்கு வந்து பெண்களுக்குச் செய்முறை காட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். இவள் மட்டும் பிடித்துக்கொண்டாள். பாசியை ஊறவைத்துக் கழுவி அண்டாவில் காய்ச்ச வேண்டும். வேட்டித்துணியில் வடிகட்டித் தட்டில் ஊற்றினால் கட்டியாக இறுகும். அதை ஐஸாக உறையவைத்து மறுபடி வெயிலில் போட்டால் தண்ணீரெல்லாம் வடிந்து வெறும் வெள்ளை நார் நிற்கும். உறையவைக்கத்தான் அவளிடம் இடமில்லை. எங்கள் குளிர் அறையில் ஒரு மூலை கேட்டாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொடுத்தேன். பேக்டரிக்குப் பின்னால், கடலைப் பார்த்த காலி இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு அண்டாவை ஏற்றினாள். முதலில் வந்ததெல்லாம் மஞ்சளாய், நாற்றமாய் வந்தது. என் மனைவி ஹில்டா மோந்து பார்த்துவிட்டு, "மீன் கழுவுன தண்ணியிலயா செஞ்சா?" என்று கேட்டாள். மெட்டில்டா அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு திரும்பத் திரும்பக் காய்ச்சினாள். ஒருவழியாக வெள்ளையாக வந்தது. காயல்பட்டினத்துக் கடைக்காரர் ஒருவர் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம். அன்றைக்கு அவள் நடந்துவந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

நாலைந்து பெண்கள் அவளோடு சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி மரியசெல்வி. அவள் புருஷன் விக்டர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். கை நிறைய வந்தாலும் வராவிட்டாலும் சிரித்த முகம்.

அப்போதுதான் இறால் ஏற்றுமதி சூடுபிடித்தது. குளிர் அறையில் ஒரு முழ இடத்துக்கும் போட்டி வந்துவிட்டது. கோடைக்குள் மூலையைக் காலி செய் என்று முதலாளி சொல்லிவிட்டார். சொந்தமாகச் சின்னதாய் ஒரு குளிர்பதன மெஷின் வாங்கினால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் பெண்கள் பழையபடி ஏஜெண்டின் வாசலுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சமயத்தில், புது முறையில் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. வாசித்துக் காட்டினேன். திருப்பிக் கொடுக்க வேண்டாத பணமா என்று நாலு தடவை கேட்டாள்.

விண்ணப்பம் எழுதியது நான்தான். இயந்திரத்தின் குதிரைத்திறன் எவ்வளவு என்று ஒரு கேள்வி. இருப்பது ஓர் அண்டாவும் துடுப்பும். உங்கள் தொழிலில் உள்ள புதுமை என்ன என்று இன்னொரு கேள்வி. அவளிடம் கேட்டேன்.

"கடலுக்குப் போக ஆம்பளை இல்லாத வீட்டுலயும் கஞ்சி கொதிக்கும்னு எழுதுங்க" என்றாள்.

"அப்படியெல்லாம் எழுதினா கிழிச்சுப் போட்டுருவான், சும்மா கெட" என்று அதட்டிவிட்டு, உறைநிலை முறை, உள்நாட்டு மூலப்பொருள் என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தையெல்லாம் போட்டு நிரப்பினேன். ஒரு சான்றிதழ் இல்லை என்று திருப்பினார்கள். சான்றிதழ் வைத்தோம், இடத்துக்கு வாடகைப் பத்திரம் இல்லை என்று மறுபடி திருப்பினார்கள். பாளையங்கோட்டைக்கும் தூத்துக்குடிக்கும் பஸ்ஸில் அலைந்து அலைந்து அவள் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், மார்ச் மாதம் முடிகிற சமயத்தில், அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார் என்று தபால் வந்தது.

அவர் வருவதற்கு முந்தின நாள் விக்டர் கடலில் விழுந்தான். பாய் மாற்றும்போது பாய்க்கட்டை தலையில் அடித்துவிட்டது என்றார்கள். கூட இருந்தவர்கள் குதித்துத் தேடியும் அகப்படவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் மூழ்கிப்போனவன் உடல் கரைக்கு வருகிற வரை எந்த வள்ளமும் தொழிலுக்குப் போகாது. எல்லாம் தேடத்தான் போகும். எந்தக் குசினியிலும் அடுப்பு எரியாது. பக்கத்துத் தெருக்காரர்கள் கொண்டுவந்து தருவதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பட்டினி கிடப்பார்கள். பிரேதம் கரை ஒதுங்கியது என்றால்தான் முதல் அடுப்பைப் பற்றவைப்பார்கள். கடலில் தேடுகிறவர்களுக்கு அந்தப் புகைதான் தகவல். மில் புகை எது, எங்கள் தெருப் புகை எது என்று வள்ளத்தில் இருக்கிறவனுக்குப் பிரித்துச் சொல்லிவிட முடியும். மெட்டில்டாவின் புருஷன் போனபோதும் தெரு அப்படித்தான் கிடந்தது. புதுப்பெண்ணாக வந்திருந்த மரியசெல்விதான் அன்றைக்கு இவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மத்தியானம் வந்தார். ஜீவமணி என்று பெயர். குடையும் தோல்பையுமாக வந்த மெலிந்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவரைத் திட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த மனிதரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"தொழில் நடக்கிறத கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. மாசம் முடிஞ்சா பணம் திரும்பிப் போயிரும். அடுத்த வருஷம் இந்தத் திட்டம் இருக்குமோ என்னமோ. சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள நல்ல சேதி வந்தா பாப்போம்" என்றார்.

நல்ல சேதி என்பது பிரேதம். அதற்காக மூன்று பேரும் பேக்டரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். கடலில் வள்ளங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. வெயில் சாய்ந்தது. அதிகாரி பையை எடுத்து மடியில் வைத்தார்.

மெட்டில்டா எழுந்தாள். "அண்ணே, கரி போட்டா புகை வராதுல்லா?" என்றாள்.

"ஏளா, வேண்டாம்" என்றேன்.

"தெருவுல ஒருத்தரும் இல்ல, எல்லாரும் செல்வி வீட்டுலதான் இருக்காங்க. கொஞ்ச நேரம்தான். இது போச்சுன்னா அவளுக்கும் நாளைக்கு வேல இல்ல. அவதான் இனிமே சம்பாதிக்கணும்."

இஸ்திரிக் கடையிலிருந்து கரி வாங்கி வந்தாள். அடுப்பில் கொட்டிப் பற்றவைத்தாள். காற்று அடித்ததில் கரி கனன்றதே தவிர அண்டா சூடேறவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விசிறினாள், ஊதினாள். பிறகு கொட்டகை ஓரத்தில் கிடந்த பனைமட்டையை ஒடித்து உள்ளே தள்ளினாள். மட்டையில் ஈரம் இருந்தது. புகை திரண்டு ஓலைக்கு மேலே எழும்பியது. அண்டா கொதித்தது, பாசி கரைந்தது, வடிகட்டித் தட்டில் ஊற்றினாள், இறுகியது. அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெருவின் கண்ணில் படக்கூடாது என்றுதான் அவள் பயந்தாள். கடலில் இருந்த கண்களை அவள் நினைக்கவே இல்லை.

அவர் பஸ்ஸுக்குப் போன கொஞ்ச நேரத்தில் வள்ளங்கள் எல்லாம் ஒன்றாகக் கரை திரும்பின. விக்டரின் தம்பி பவுல் வள்ளம் மணலைத் தொடுமுன்பே குதித்து ஓடிவந்தான்.

"எங்கன ஒதுங்குனான்? எங்க வச்சிருக்கீங்க?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மரியசெல்வி வீட்டிலிருந்து தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். புருஷனைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வள்ளம் வள்ளமாக எட்டிப் பார்த்தாள். வலையும் நங்கூரமும்தான் கிடந்தன.

"புகை பாத்தோமே" என்றான் பவுல். "வெள்ளையா ஒண்ணு மெதந்த மாதிரி தெரிஞ்சுது. கிட்டப் போவோம்னு திருப்புதோம், அதுக்குள்ள புகை வந்துட்டு. சரி, கரையில கெடச்சுட்டான்னு வந்துட்டோம்."

மெட்டில்டாவே முன்னால் போனாள்.

"நாந்தான் பத்தவச்சேன்" என்றாள்.

ஒருவரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கூட்டம் அவளுக்கு வழிவிட்டு விலகி நின்றது. பவுல் இருட்டுகிற வரைக்கும் அதே இடத்தைத் தேடிவிட்டு வந்தான். மறுநாள் நீரோட்டம் மாறிவிட்டது. விக்டர் கிடைக்கவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு குழி இல்லை, நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓரிடம் இல்லை.

மே மாதம் மானியம் வந்தது. அந்த உத்தரவை அவள் கையில் வாங்கக்கூட இல்லை. என் மேசையிலேயே கிடந்தது. கொட்டகைப் பக்கம் போகவில்லை, கோவிலில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். பெண்கள் ஏஜெண்டின் வாசலுக்குத் திரும்பிப் போனார்கள். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்கா அவனைத் தொலைச்சே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

அந்த வாரத்தில் மரியசெல்வியே அவளைத் தேடி வந்தாள். கறுப்புச் சேலை உடுத்தவில்லை. புருஷன் செத்தான் என்று யார் கண்டது என்று அவளுக்கு. வாசல்படிக்கு வெளியே நின்றே பேசினாள்.

"மெஷின வாங்குங்க. எனக்கு வேல வேணும், பிள்ளைகளுக்குச் சோறு வேணும். ஆனா ஒண்ணு சொல்லுதேன். எங்கிட்ட கேக்காம ஒருநாளும் அடுப்பு எரியக் கூடாது."

மெட்டில்டா தலையை மட்டும் ஆட்டினாள். இவள் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை. அவர்களுக்குள் பேச்சு என்பது அவ்வளவுதான்.

மெஷின் வந்து, கொட்டகை போய்த் தகரச் சீட்டுக் கூரை போட்ட கட்டிடம் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வயிறு இருக்கிறதே, அது எத்தனை நாள் கோபிக்கும். ஒரு வருஷம் கழித்து, பணம் எப்படிச் செலவானது என்று பார்க்க ஜீவமணி மறுபடி வந்தார். எல்லாம் சுற்றிப் பார்த்தார், அவருக்குச் சந்தோஷம். "கொஞ்சம் பத்தவச்சுக் காட்டுங்கம்மா" என்றார்.

மெட்டில்டா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க சார்" என்றேன்.

மரியசெல்வி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். தினமும் போவதுபோலவே கரை ஓரம் வரை போய், கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அவசரமே இல்லாமல் திரும்பி வந்தாள்.

"பத்தவைங்கக்கா" என்றாள். "கடல்ல யாரும் யாரையும் தேடல."