தனித் தட்டுக்காரன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஸ் கூரையில் மிளகு மூட்டை ஏற்றி அக்குறணைக்கும் கண்டிக்குமாய் அலைந்தவன். இன்று என்னிடம் விலை கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் கராம்பு, சாதிக்காய் வாங்குவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதே மிடுக்கோடு முப்பது வருஷம் ஒரு பொய்யையும் சுமந்திருக்கிறேன்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடுகளை நினைத்தால் இன்றும் நாக்கு ஊறும். விரித்த பாயில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். அந்தப் பெரிய தட்டிலிருந்து எழும் நெய்ச்சோற்று ஆவி ஆறு முகத்திலும் அடிக்கும். தோளும் தோளும் இடிக்க, கதையும் சிரிப்புமாகச் சோறு இறங்கும்.

முப்பத்தைந்து வயதில் சவூதிக்குப் போக மெடிக்கல் செய்தேன். 'அன்ஃபிட்' என்று தாள் வந்தது. ஈரலில் ஒரு கிருமி இருக்கிறது, அது போகாது என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வீட்டில், "அரபிக்குக் கைகட்ட நான் பொறக்கல்ல, போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நம்பினார்கள்.

எச்சிலால்தான் தொற்றும் என்று நானாகவே முடிவு செய்தேன். அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை. கல்யாணங்களில் ஒரு கதிரையில் தனியே அமர்ந்து சாப்பிட்டேன்.

"பாருங்க, மொதலாளிக்கு எங்கட சஹன் பத்தாது" என்பான் மச்சான், என் மனைவியின் தம்பி.

"என்ட தட்டுல கை வெக்க இன்னம் ஒருத்தன் பொறக்கல்ல" என்பேன்.

எல்லோரும் சிரிப்பார்கள். பாயில் நெருக்கியடித்து உண்பவர்களைப் பார்த்தபடி நான் மென்ற சோற்றில் ருசியே இருந்ததில்லை.

போன வருஷம், இந்தக் கிருமி நாட்டில் எத்தனை பேர் உடம்பில் தங்கியிருக்கிறது என்று கணக்கெடுக்க வீடு வீடாக வந்து இரத்தம் எடுத்தார்கள். என் வீட்டுக்கு வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"எனக்கு அந்தக் கிருமி ஈக்கிது மகள். அரசாங்கத்துக்கு முந்தியே எனக்குத் தெரியும்" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "கண்டியில நான் ஒருத்தன்தானா?"

"இல்லை ஐயா. மற்ற நாடுகளோட பாக்க எங்கட நாட்டில குறைவுதான். ஆனா இருக்கிற ஆக்களில கனபேருக்கு அது இருக்கெண்டே தெரியாது. அதுதான் இப்பிடித் திரியுறம்."

கண் கலங்கியது. மிளகுத் தூசி என்றேன். தட்டு விஷயத்தையும் சொன்னேன்.

"சேந்து சாப்பிட்டா தொத்தாது ஐயா. ரத்தத்தாலயும் புருசன் பெஞ்சாதி உறவாலயும்தான் தொத்தும். உங்கட சவர அலகை வேற ஆரும் பாவிச்சவையோ?"

மகன்மார் இருவருக்கும் என் சவரக் கத்தியைக் கொடுத்துப் பழக்கியவனே நான்தான். தட்டைப் பூட்டி வைத்தவன், கத்தியைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே விட்டிருக்கிறேன்.

அன்றே மனைவியையும் மகன்மாரையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி என் தனித் தட்டைப் பார்த்தாள். பிறகு, "என்ட கையால ஒரு வாய் சோறு வாங்கல்லயே நீங்க. பெருமையெண்டு நெனச்சேனே" என்றாள். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

இரத்த முடிவு வரும்வரை கடையில் எனக்கு எந்தச் சரக்கின் வாசனையும் தெரியவில்லை. கடைசியில், மகன்மாருக்கு இல்லை, தடுப்பூசி போட்டார்கள். மனைவிக்கு எப்போதோ வந்து, தானாகவே போயிருந்தது. அவளுடைய உடம்பு என்னுடையதைவிடக் கெட்டி. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் கல்யாணம் என்றால் மண்டபம், ஆளுக்கொரு தட்டு. பேத்தியின் கல்யாணத்துக்கு, சஹன் வைக்காவிட்டால் வரமாட்டேன் என்று நின்றேன். வைத்தார்கள். நானும் பாயில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன, மொதலாளி வழிதவறி வந்துட்டீங்களா?" என்றான், அதே சஹனில் இருந்த மச்சான்.

கை வைக்கும் முன், சுற்றியிருந்த ஐந்து பேரிடமும் நோயைச் சொன்னேன். ஒருவரும் எழும்பவில்லை. மச்சான்தான் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினான்.

"வாலிபத்துல ஒங்கட வீட்டுக்கு வாற நேரமெல்லாம் ஒங்கட கத்தியிலதானே நானும் சவரஞ் செஞ்சேன்."

"தெரியும். இவ்வளவு நாளும் சொல்ல வாய் வரல்ல. நாளைக்கே ரத்தம் பாக்கப் போவோம்."

"நீங்களும் வரணும்."

"வராம?"

"அப்ப சரி. இப்ப தின்னுங்க, சோறு ஆறுது" என்றான்.