வரிசையில் விட்டுவைத்த இடம்

போன வாரம் மகள் கைபேசியில் ஒரு காட்சி அனுப்பினாள். ஆராய்ச்சிக்காக அவள் தங்கியிருப்பது வடதுருவத்தை ஒட்டிய ஒரு கடலோரச் சிற்றூர். முன்பெல்லாம் புயல் மாதங்களில் கடல் உறைந்து கரையைக் காக்குமாம். இப்போது உறைவது தள்ளிப்போகிறது. அலை நேராக வந்து மண்ணைத் தின்கிறது. ஊரார் மரவீடுகளைக் கட்டைகள்மேல் ஏற்றி, கயிறு கட்டி உள்ளே இழுத்துப் போகிறார்கள்.

"நான் இருக்குறது கான்கிரீட் கட்டடம்மா. அத யாரும் நகர்த்த முடியாது. பயப்படாதீங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அன்று நான் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மணல் பட்டை. எழுபதுகளின் கடைசியில் அங்கே எல்லாம் பனையோலைக் குடிசைகள். சில வருடங்களுக்கு ஒருமுறை கடல் நெருங்கும். குடிசையை அவிழ்த்து, ஏரிப் பக்கம் தள்ளிக் கட்டுவார்கள். ஒரு பகல் வேலை. யாருக்குப் பக்கத்தில் யார் என்ற வரிசை மட்டும் மாறக் கூடாது. ஓலையைத் தூக்கியதும் அடியிலிருந்து எழும் புழுங்கிய மண் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தொலைந்துபோன என் ரிப்பன்கூட ஒருமுறை அதில் கிடைத்தது.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அவிழ்த்துக் கட்டி அலுத்துவிட்டது. ஏரிக்கு அக்கரையில், பழவேற்காடு ஊருக்குள் ஒரு பழைய வியாபாரி வீட்டை இடித்தபோது, தேக்குக் கதவை நிலையோடு வாங்கி, செங்கல்லோடு படகில் ஏற்றி வந்தார். குப்பத்தின் முதல் கல்வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னாண்ணே, கடலு வந்தா நாங்க சுருட்டிக்கினு போவோம். நீ இன்னா பண்ணுவ?"

"நா ஏன் போறேன்? கடலு போவட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைப் பள்ளியில் ஒரு மாதம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

வீடு கட்டிய மூன்றாம் மழைக்காலத்தில் கடல் வந்தது. மற்றவர்கள் மாலைக்குள் தள்ளிக் கட்டிவிட்டார்கள். அத்தை குடிசைக்கும் அதற்கடுத்த குடிசைக்கும் நடுவில் எங்கள் வீட்டளவு மணல் வெறுமனே கிடந்தது. ஒருவரும் அதில் ஒரு வலையைக்கூடக் காயப்போடவில்லை. நைனா அசையவில்லை. நாலாம் நாள் காலை கடல் பக்கத்துச் சுவர் சரிந்தது. அதன் ஓரத்தில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கால் மட்டும்தான் மாட்டியது. இன்றும் அவன் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறான்.

அத்தை ஓடிவந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டாள். பழைய கேலியை எடுக்கவில்லை.

"வாண்ணே. எடம் வுட்டு வெச்சிக்கீறோம்."

நைனா கதவைக் கழற்றினார். ஓலைக் குடிசைக்குத் தேக்குக் கதவு! திறந்தால் குடிசையே ஆடும். "வூடு கதவப் புட்ச்சினு நிக்கிதா, கதவு வூட்டப் புட்ச்சினு நிக்கிதா?" என்பார்கள்.

இப்போது அங்கே எல்லாம் சிமெண்ட் வீடுகள். பின்னால் தள்ளிப்போக மணல் இல்லை, ஏரிதான்.

நேற்று மகளைக் கூப்பிட்டேன். "அந்த ஊர்க்காரங்க வரிசையில உனக்கு ஒரு இடம் விட்டிருக்காங்களான்னு கேளும்மா."

"என்ன இடம்மா?"

அவளிடம் இதையெல்லாம் நான் சொன்னதே இல்லை. கூட்டிப்போய்க் காட்டவும் முடியாது. அத்தை விட்டுவைத்த அந்த இடத்தின்மேல் இன்று அலை அடிக்கிறது.