மெல்வினா வீட்டு வடக்குச் சுவர்

ஹாக்கெட் குடா என்ற மீனவ ஊரில் நன்றி மறக்காத ஆள் யார் என்று கேட்டால் எல்லாரும் மெல்வினா வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். முப்பது வருடமாக, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவள் வீட்டில் ஊருக்கே விருந்து. உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், பட்டாணி மசியல், உலர்ந்த திராட்சை போட்ட புட்டிங் என்று விடிந்ததிலிருந்து அடுப்பு எரியும். எதற்காம்? அவள் பித்தப்பை ஆபரேஷனுக்காக செயின்ட் ஜான்ஸ் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊர் ஆண்கள் திரண்டு வந்து அவள் மரவீட்டின் வெளிச்சுவர்ப் பலகை முழுக்க மறையும்படி மேலே வெள்ளை வினைல் பிளாஸ்டிக் பட்டை அடித்துக் கொடுத்தார்களாம், அதற்கு. ஒருத்தர் படுத்துவிட்டால் மற்றவர்கள் சுத்தியலோடு வந்து நிற்பது அந்தக் கரையில் வழக்கம்தான். ஆனாலும் அதை இப்படி ஆயுசுக்கும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவள் இவள் ஒருத்திதான்.

அதே சமயத்தில்தான் அவள் படகும் போனது. ஆண்பிள்ளை இல்லாத அப்பா தானே கட்டி, அவளுக்கென்றே விட்டுப்போன படகு. சின்ன வயதிலிருந்து அதில் அவரோடு கடலுக்குப் போனவள், கல்யாணமான பிறகும் தனியாகவே போய் வந்தாள். அங்கே ஒவ்வொரு குடும்பத்துப் படகுக்கும் ஒரு நிறம் உண்டு. ஒருத்தர் நிறத்தை இன்னொருத்தர் தொடமாட்டார்கள். அவள் அப்பா கையாலேயே கலந்தது ஒரு பாசிப்பயறுப் பச்சை. மூடுபனியிலும் அது தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியவளிடம் புருஷன் ஹேவர்ட் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "புயல்ல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு புள்ள. என்னால முடிஞ்சதப் பாத்தேன்." சுற்றி நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பக்கத்து வீட்டு நெட்டி அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். வேறு படகு வாங்க வழியில்லை. மெல்வினா மீன் ஆலையில் கத்தி பிடித்து நின்றாள். வீட்டிலிருக்கும் நேரத்தில், வடக்குப் பக்கத்துச் சமையலறை ஜன்னலில் பாத்திரம் கழுவியபடி கடலையே பார்ப்பாள். ஒரு பலகையாவது கரை ஒதுங்காதா என்று, பாவம், அத்தனை வருடமும் பார்த்தாள்.

போன குளிர்காலத்துக் காற்று வினைல் பட்டையைப் பிய்த்துப் போட்டது. புதிதாக மரப்பலகையே அடித்துவிடலாம் என்று மெல்வினா முடிவு செய்தாள். வேலைக்கு வந்தவன் டெரிக், வளைகுடாவுக்கு அக்கரைக்காரன், நாற்பது வயது. அங்கே வயதில் மூத்தவர்கள் எல்லாருமே அத்தை, மாமாதான்.

அவன் ஏணியைச் சாத்தின நாளிலிருந்து ஹேவர்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மத்த மூணு பக்கமும் மாத்துடா. வடக்கால நல்லாத்தான் இருக்கு, அதை விட்டுடு."

"மாமா, காத்து அடிக்கிறதே வடக்குலதான். மூணு பக்கம் கோட்டு மாட்டிட்டு முதுகத் திறந்து விடச் சொல்றீங்களா?"

"எனக்கே பாடம் எடுக்காதே."

"விடு மனுஷா," என்று மெல்வினா சிரித்தாள். "அந்தச் சுவரக் கட்டிக்கிட்டுப் படுக்கப் போறியா என்ன?"

வடக்குச் சுவரைப் பிரித்த அன்று ஹேவர்ட் காலையிலேயே படகுத்துறைக்குப் போய்விட்டான். மெல்வினா உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே டெரிக்கின் குரல் கேட்டது.

"அத்தை, கொஞ்சம் வந்து பாருங்க. யாரோ இங்க உளுத்துப்போனதை எடுத்துட்டு ஒட்டுப் போட்டிருக்காங்க. இது வீட்டுப் பலகை மாதிரியே இல்லையே!"

ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். ஜன்னலுக்குக் கீழே, அவள் நின்று பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேர் வெளியே, பத்துப் பதினைந்து பலகைகள். வெயில் படாமல் இருந்ததால் பூச்சு நேற்று அடித்தது போல இருந்தது. பாசிப்பயறுப் பச்சை.

அவள் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் அப்பா இழைத்த சரிவு கைக்குத் தெரிந்தது. இரண்டு முனையிலும் ரம்பத்தால் அறுத்த வெட்டு. புயல் ரம்பம் வைத்து அறுக்குமா? முட்டிக்கு எதிரே ஒரு சாண் தள்ளிப் படகு இருந்திருக்கிறது, இவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அட கடவுளே!

"அத்தை, உக்காருங்க. தண்ணி கொண்டு வரவா?"

"வேண்டாம்பா. நெட்டியக் கூப்பிடு."

நெட்டி வேலியைத் தாண்டி வந்தாள், சுவரைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை. அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்!

"தெரியுமாடி உனக்கு?"

"மெல்வினா..."

"தெரியுமான்னு கேட்டேன்."

"எல்லாருக்குந்தான் தெரியும்," என்று நெட்டி அழ ஆரம்பித்தாள். "ஆம்பளைங்க வந்தப்பவே அவன் படகை அறுத்துப் பலகை அடிச்சிருந்தான். மூடிடுங்க, அவகிட்டச் சொல்லாதீங்கன்னு ஹேவர்ட் கெஞ்சினான். உன் குடும்பம் உடைஞ்சிடக் கூடாதுன்னுதான்..."

"அன்னிக்கும் இப்படித்தான் அழுத நீ. என்னக் கட்டிக்கிட்டு. போடி வீட்டுக்கு."

சாயங்காலம் ஹேவர்ட் வந்தபோது அவள் அந்தச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் படியருகிலேயே நின்றுவிட்டான்.

"ஏன்?" என்றாள்.

"ஊரே சிரிச்சுது புள்ள. பொண்டாட்டி கடலுக்குப் போறா, நீ வலை உலத்துறியான்னு கேட்டானுங்க. நீ வேற ஆபரேஷன்ல கிடந்த. திரும்பவும் தனியாப் போவியேன்னு எனக்கும் பயம்."

"பயமா, வெக்கமா?"

"எப்படியும் நாலு வருஷத்துல காட் மீன் பிடிக்கவே தடை வந்துச்சே. எல்லாப் படகும் கரையில கிடந்து மக்கித்தானே போச்சு," என்றான்.

"அந்தத் தடை சர்க்கார் போட்டது, எல்லாருக்கும் சேத்து. அதுக்கு முந்தின நாலு வருஷம் நீ போட்டது, எனக்கு மட்டும். அப்பா படகு மக்கியிருந்தா நான் பக்கத்துல நின்னு பாத்திருப்பேன். நீ சோறு தின்ன கையால அதை அறுத்து, நான் நிக்கிற இடத்துலயே ஆணி அடிச்சிருக்க. அதுக்கு நான் ஊருக்கு விருந்து வச்சிருக்கேன்! வருஷா வருஷம்! யாருக்காவது ஒரு வாய் தொண்டையில நின்னுச்சா?"

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஹேவர்ட் ஒரு அடி எடுத்து வைத்தான். "கிட்ட வராதே," என்றாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

மறுநாள் டெரிக் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மேல பலகை அடிச்சு மூடிடவா அத்தை? அப்படியே விட்டா மழை உள்ள இறங்கிடும்."

"பச்சையக் கழட்டு. அங்க புதுப் பலகை போட்டு, மேல மழை இறங்காத தாள் சுத்து. சுத்திட்டு இதை வெளியில அடி. துறையைப் பாத்தாப்பல."

"வீடு முழுக்க வெள்ளைப் பலகை, நடுவுல இது மட்டும் பச்சையா?"

"பாக்கட்டும்ப்பா."

அவன் ஆணி பிடுங்கியை எடுத்தான். ஒரு பலகைகூடப் பிளக்காமல் கழற்றி, அப்பா படகில் வைத்த அதே வரிசையை அவள் சொல்லச் சொல்ல அடித்தான். துறையில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமைதான் விருந்து. இந்த வருடம் இருக்காது என்றுதான் ஊர் நினைத்தது. மெல்வினா வழக்கம்போல எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாள், வழக்கம்போலச் சமைத்தாள், நீள மேசையில் தட்டு வைத்தாள். ஆண்கள் சேர்ந்துதான் வந்தார்கள். துறையிலிருந்து ஏறும் பாதையில் பச்சைக்கு நேரே வந்ததும் முன்னால் வந்தவன் நின்றான், பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஜன்னலில் அவள் நிற்பதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி இறங்கிப் போனார்கள். நெட்டி வீட்டுக் கதவு திறக்கவே இல்லை.

மேசையில் ஹேவர்ட் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் இறைச்சியை வைத்தாள், மசியலை வைத்தாள்.

"இத்தனையையும் யாரு புள்ள சாப்பிடறது?" என்றான் தரையைப் பார்த்தபடி.

"நீ ஆரம்பி. உன் வேலைக்கான விருந்துதானே."

தன் தட்டை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். சுவரோரம் புல்லில் உட்கார்ந்து பச்சைப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். எதிரே கடல் முழுக்கத் தெரிந்தது. அதில் தேட அவளுக்கு இனி ஒன்றுமில்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிடத் தொடங்கினாள்.