ஆயாம்மாவின் பால்மா டின்

அந்தப் போத்தலில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. ஒரு முழ உயரத்தில் தெளிவான பிளாஸ்டிக் போத்தல், ஓரத்தில் கறுப்பு எண்கள், வாய்க்குச் சற்றுக் கீழே அந்தச் சிவப்பு. மழைத்தண்ணீர் கோட்டைத் தொட்டால் மலையடியில் இருப்பவர்கள் எழுந்து வேறிடம் போய்விட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கோட்டை நினைக்காமல் இத்தனை வருடங்களில் எனக்கு ஒரு மழைக்காலமும் கழிந்ததில்லை. ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் ஒருநாளும் உண்மையாகப் பேசியதில்லை. போன மாதம் பார்த்த ஒரு நோர்வே படம்தான் என் வாயைத் திறக்க வைத்தது.

கண்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு பின்னேரம், மகன்தான் அந்தப் படத்தைத் தேடிப் போட்டான். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே சின்னதாக ஓர் ஊர். மலையில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அதிகாரி. அவருடைய பேச்சை நம்பாத மேலதிகாரிகள். கடைசியில் சங்கு ஊதுகிறது. ஊரே காரில் ஏறுகிறது. மகன் கதிரையில் திரும்பி உட்கார்ந்து, "உம்மா, இது ஒங்கட கததானே!" என்றான். கணவர் கடலையை மென்றபடியே, "பின்ன? ஒங்கட உம்மா மட்டும் அன்டைக்கு இல்லாட்டி அந்த லயமே போயீக்கும்" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, தொலைக்காட்சிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் என் பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. தேத்தண்ணி ஊற்றி வருகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன்.

அப்போது நான் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கிடைத்த நியமனம். தினமும் விடியற்காலையில் குட்செட் பஸ் நிலையத்துக்கு ஓடி முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். பாடசாலை மேட்டில் இருந்தது. கீழே, தேயிலைச் சரிவின் அடியில், தொழிலாளர்கள் குடியிருந்த இரண்டு லயங்கள். லயத்தை ஒட்டினாற்போல் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற ஒற்றை அறைக் கட்டடம் அது. அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஆயாம்மா என்றார்கள். நாற்பதைத் தாண்டிய பெண். கட்டையான உருவம். குரல் மட்டும் அந்த உருவத்துக்குப் பொருந்தாது. அவர் கீழே நின்று ஒரு குழந்தையை அதட்டினால் மேலே என் வகுப்பு அமைதியாகிவிடும். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் கட்டியிருப்பார். ஒரு தொட்டிலைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டியபடி, மூன்றாவதில் கிடப்பது ஏன் அழுகிறது என்று எனக்கு விளக்கம் சொல்வார்.

போத்தல் அவரிடம் போனது என் யோசனைதான். மண்சரிவு போன்ற அனர்த்தங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அதைப் பாடசாலையில் தந்துவிட்டுப் போனார்கள். லயத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தானே பயன் என்று நான் அதைப் பிள்ளைக்காம்பரா முற்றத்துக் கம்பத்தில் கட்டி, காலை ஏழு மணிக்குப் பார்த்து, கொப்பியில் எழுதி, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று ஆயாம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். முதல் மாதமே மானம் போனது. நல்ல வெயில் எறித்த ஒரு வாரத்தில் கொப்பியில் மழை ஆறு மில்லிமீற்றர் என்று இருந்தது. நான் அதையும் ஒழுங்காக அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். அங்கிருந்து போன் வந்தது. உங்கள் தோட்டத்துக்கு மட்டும் தனி வானமா என்று கேட்டுச் சிரித்தார்கள். போய்ப் பார்த்தால், கழுவிய பிள்ளைத் துணிகளை ஆயாம்மா கம்பத்தின் மேல் காயப்போட்டிருக்கிறார், சொட்டுவதெல்லாம் போத்தலுக்குள். அன்றைக்கு நான் அவரைக் குழந்தைகளுக்கு முன்னால் நின்று ஏசினேன். அவர் கோபிக்கவில்லை. "மூத்திரத் துணிய நல்லா அலசிட்டுத்தான் போட்டேன் டீச்சர்" என்று மட்டும் சமாதானம் சொன்னார்.

அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

அந்த வருடத்துப் பெருமழை தொடங்கி நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, பாடசாலை விட்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் நான் பிள்ளைக்காம்பராவில் ஏறினேன். கொப்பியைப் பார்த்தேன். எந்த நாளிலும் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. ஒரு விரல், இரண்டு விரல் கீழேயே நின்றிருந்தது. எனக்கு நிம்மதி. ஆயாம்மாவுக்கு நிம்மதி இல்லை. என்னைக் கதவருகே கூட்டிப்போய், "இது காலையிலேருந்து சாத்த மாட்டேங்குது டீச்சர்" என்றார். மழையில் பலகை ஊதும் என்றேன். "சரி, இதப் பாருங்க" என்று ஜன்னலடியிலிருந்து ஒரு பெரிய பால்மா டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார். விளிம்புவரை தண்ணீர். போத்தலிலிருந்து தினம் ஊற்றும் தண்ணீரை அவர் வெளியே கொட்டவில்லை. நான் சொன்னதை மீறி, மழை தொடங்கிய நாளிலிருந்து அந்த டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார்.

"எதுக்கு ஆயாம்மா இது?" என்று கேட்டேன்.

"போத்தல நாம தெனம் ஊத்திர்றோம் டீச்சர். மலை எங்க ஊத்தும்?"

விஞ்ஞானம் படித்தவள் நான். மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போகும் என்பதை ஒன்பதாம் வகுப்புக்குப் படம் வரைந்து விளக்கியவள். அந்தக் கேள்வி சரியான கேள்வி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. "ஆபீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்றார். கைப்பையில் போன் இருந்தது. இலக்கமும் இருந்தது. பால்மா டின் நிரம்பிவிட்டது, கதவு சாத்தவில்லை என்று சொன்னால் அந்தப் பக்கம் எப்படிச் சிரிப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். "கோட்ட இன்னும் தாண்டல்லதானே ஆயாம்மா. சும்மா பயப்புடாதீங்க, மத்தவங்களையும் பயங்காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் பாடசாலைக்குள் நுழைந்தபோது என் வகுப்பறையில் தொட்டில் கட்டியிருந்தது. ஒன்றல்ல, நான்கு. மேசைகளைச் சுவரோரம் தள்ளி, கீழே படங்கு விரித்து, தவழுகிற பிள்ளைகளையெல்லாம் அதில் விட்டிருந்தார் ஆயாம்மா. குழந்தைகளைத் தூக்கி வர ஆள் வேண்டும் என்று சாட்டுச் சொல்லி, லயத்தில் வேலைக்குப் போகாமல் இருந்த வயதானவர்களையும் மேட்டுக்கு இழுத்து வந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இது பள்ளிக்கூடமா, புள்ளக்காம்பராவா?" என்று கத்தினேன். "இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் டீச்சர். நாளைக்கு வெயில் அடிச்சுச்சுன்னா நானே கூட்டிக் கழுவித் தந்துர்றேன்" என்றார் ஆயாம்மா, தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தாமலே.

லயத்துக்குப் போய் எழும்புங்கள், ஓடுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒருவரும் அசையமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பத்து மணிக்குப் பால் கொடுக்க வருகிற தாய்மார், குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வந்தாக வேண்டும். அப்படியே வந்தார்கள். கீழே பூட்டிய கதவைப் பார்த்து, நனைந்து, சேறு பூசி, மேட்டில் ஏறி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். "பால் குடுக்க மலை ஏற வைக்கிறியே, ஒனக்குக் கிறுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆயாம்மா அவள் மடியில் குழந்தையை வைத்துவிட்டு அடுத்தவளின் திட்டை வாங்கப் போனார். மழை வலுத்து, அரைநாளோடு கொழுந்து பறிப்பதை நிறுத்தி, பெண்கள் எல்லோரும் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. ஆண்களில் பாதிப்பேர் கண்டியிலும் கொழும்பிலும் கடை வேலையில். மற்றவர்கள் அந்தப் பக்கத்து மலையில் வேலையில்.

அப்போதுதான் ஆயாம்மா ஒருத்தியிடம், "ஒன் மக எங்கடி?" என்று கேட்டார். அவளுடைய மகள் என் எட்டாம் வகுப்பு மாணவி. பெரிய பிள்ளையாகி ஏழாம் நாள். தண்ணீர் ஊற்றும் சடங்கு முடியும்வரை ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியே இருத்தியிருந்தார்கள். ஆம்பளை சேர்மார் இருக்கிற பாடசாலைக்கு அவளை எப்படிக் கூட்டி வருவது என்றாள் தாய். உயிர் பெரிதா சடங்கு பெரிதா என்று நான் பாய்ந்தேன். தாயின் முகம் இறுகிப்போனது. இனி அவள் மகளை அனுப்பவே மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது.

ஆயாம்மா என்னைக் கையமர்த்தினார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைப் படங்கில் கிடத்திவிட்டு, நான்கு தொட்டில்களையும் அவிழ்த்தார். கரும்பலகை ஆணிக்கும் ஜன்னல் கம்பிக்கும் இடையே அந்தச் சேலைகளைக் கட்டி, வகுப்பறை மூலையை மறைத்துத் திரையாக்கினார். அதிபரிடம் போய், "சேர், ஆம்பளைங்கள்லாம் அந்தக் கட்டடத்துக்குப் போயிருங்க" என்றார். அதிபர் மறுபேச்சில்லாமல் போனார். பிறகு தாயைப் பார்த்து, "இப்ப வா, கூட்டிட்டு வருவோம்" என்று, மீதமிருந்த ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

அவர்கள் திரும்பி வரும்வரை நான் விறாந்தையில் நின்றேன். போன் என் கையில்தான் இருந்தது. கடைசியில் தேயிலைக்கு நடுவே மூன்று உருவங்கள் தெரிந்தன. நடுவில் இருந்தது தலையிலிருந்து கால்வரை சேலை மூடி. தீட்டுக் காலத்தில் காவலுக்கு வைக்கும் இரும்புக் கத்தியையும் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை திரைக்குள் போய் உட்கார்ந்தாள். ஒரு குழந்தை அழுது அடங்கும் நேரம்கூட ஆகியிருக்காது. கீழே நிலம் உறுமியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே நகர்ந்தன. பிள்ளைக்காம்பரா போனது. கீழ் லயம் முழுதும் போனது. மாடுகள், கோழிகள், சேர்த்து வைத்த பண்டபாத்திரங்கள் எல்லாம் போயின. ஒரு மனித உயிர் போகவில்லை.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். இவர்களை யார் மேலே கூட்டி வந்தது என்று கேட்டார்கள். அதிபர் என்னைக் காட்டி, "எங்கட விஞ்ஞான டீச்சர்தான் மழை அளக்கிறவங்க" என்றார். பொய்யில்லை. "போத்தலைப் பார்த்துத்தானே முடிவெடுத்தீர்கள்?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். நான் இரவு முழுதும் தூங்காதவள், பயந்திருந்தேன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் எடுபடவில்லை. "ஓ, சேர்" என்றேன். அந்த ஒரு சொல்தான் இன்று சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது.

பத்திரம் தந்த விழாவுக்கு ஆயாம்மா கண்டிக்கு பஸ் ஏறி வந்திருந்தார். மண்டபத்தில் அவர் கை தட்டிய சத்தம் எனக்கு மேடையில் தனியாகக் கேட்டது. கீழே இறங்கியதும் கண்ணாடியைத் தடவிப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்காங்க டீச்சர், தூசி படாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப நீங்க பேசுனா கேப்பாங்க. லயம் போன எங்களுக்கு வீடு கட்டித் தர்ற விஷயமா ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். என் குரலில் பேசிக் காரியம் சாதிக்கலாம் என்றுதான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. சொல்கிறேன் என்றேன். அடுத்த தவணையே எனக்குக் கண்டியில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. மாற்ற விண்ணப்பத்தோடு அந்தப் பத்திரத்தின் பிரதியையும் இணைத்திருந்தேன். வீட்டு விஷயமாக நான் யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை, பாதியில் நின்ற நோர்வே படத்தின் முன்னால் உட்கார்ந்து மகனிடம் சொன்னேன். கணவர் கடலையைக் கீழே வைத்துவிட்டார். மகன் நிமிர்ந்து அந்தப் பத்திரத்தைப் பார்த்தான். பிறகு, "அவங்க இப்ப எங்க உம்மா?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நானும் மகனும் தெல்தோட்டைக்கு பஸ் ஏறினோம். மழை விடவில்லை. ஆயாம்மாவைத் தேட வேண்டியிருக்கவில்லை, குரல் கேட்டது. தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய தகரக் கொட்டில்களிலேயே லயத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கொட்டில்களுக்குப் பின்னால் இன்னொரு சரிவு. ஆயாம்மாவுக்கு முடி நரைத்திருந்தது. "வாங்க டீச்சர், மகனா? ஒங்க மொகம் அப்படியே இருக்கு" என்று உள்ளே இழுத்து உட்கார வைத்தார். நான் தேத்தண்ணியைத் தொடாமல், அன்றைக்கு நான் சொன்னது பொய், வாக்குக் கொடுத்ததும் பொய் என்று அழுதபடியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. "தெரியும் டீச்சர்" என்றார். பிறகு எழுந்து, "வெளிய வாங்க" என்றார். முற்றத்துக் கம்பத்தில் ஒரு போத்தல். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. கூரை ஓரத்தில், மழை படாத இடத்தில், மூடி போட்ட ஒரு பால்மா டின். மூடியைத் திறந்து காட்டினார். விளிம்புவரை நின்றது.

"போன் போட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். இலக்கம் மாறியிருந்தது, மகன் தேடித் தந்தான். மணி அடித்து ஒருவர் எடுத்தார். "நான் கண்டியில டீச்சர். மழை அளக்கிறவங்க பக்கத்துல ஈக்கிறாங்க, அவங்க பேசுவாங்க" என்று சொல்லி ஆயாம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த மலையில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரலில், முதலில் தன் பெயரைச் சொன்னார்.