யாரும் மிதிக்காத தரை

2024 நவம்பர் 20, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, கணவருக்கும் எனக்கும் காபி கலந்தேன். அவருக்கு சிமெண்ட் ஆலையில் காலை ட்யூட்டி. கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனதும் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். மலைப் பக்கம் கல் உடைக்கும் தூசி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அது எழும்பினால் அமீரகத்தின் இந்த ராஸ் அல் கைமாவில் வேலை நாள் தொடங்கிவிட்டது என்று பொருள். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. கண்காட்சி நாள் என்பதால் பச்சைப் பருத்திப் புடவை. டயரியில் இவ்வளவையும் எழுதிவிட்டு, ஏழரைக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் கதவைத் திறந்தேன்.

அங்கே நான் அட்டவணைப் பிரிவில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் யார் எதை எழுதினாலும், வரைந்தாலும், கட்டினாலும், கண்டுபிடித்தாலும் அதன் விவரம் என் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். நவம்பரில் எல்லாவற்றையும் கீழ்த்தளக் கூடத்தில் பார்வைக்கு வைப்போம். கூடவே ஒரு விவரப் புத்தகம் அச்சாகும். அந்தப் புத்தகம் என் பொறுப்பு. பெயர், செய்தவர், அளவு, எந்தப் பொருளால் ஆனது, எந்தத் துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.

கேட்பதற்கு வறட்டு வேலை. செய்கிறவளுக்கு அப்படி இல்லை. அந்த ஆண்டு மட்டும் என்னென்ன வந்தன! பேரீச்சை மரத்தைத் துளைக்கும் வண்டு எழுப்பும் ஓசையைப் பற்றி ஐந்து பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை. முத்துக்குளித்த குடும்பங்களின் முதியவர்களிடம் பாட்டுகளைக் கேட்டு எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்த ஒரு நூல். கடல்நீரைக் குடிநீராக்கிய பின் மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொண்டு செய்த செங்கல். மழை அரிதான ஊரில் பழைய பாய்மரத் துணியில் தைத்த மழைக்கோட்டு ஒன்று. ஒட்டகப் பாலில் செய்த பாலாடைக்கட்டியை ஒரு மாணவி டப்பாவோடு கொண்டுவந்து, "மேடம், இதையும் பதிவு பண்ணணும்" என்றாள். அளந்து, எடை போட்டு, ஃபிரிட்ஜில் வைத்தேன். லிஃப்டுக்குள் மட்டுமே நடக்கும் ஒரு நாடகம் வந்தது. இரண்டு பேர்தான் பார்க்கலாம். அளவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு மதியம் முழுக்க யோசித்து, "நான்கு மாடி" என்று எழுதினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

என் மேசைக்கு வருவதெல்லாம் எனக்குப் புரிய வேண்டியதில்லை. எந்தத் துறை என்று தெரிந்தால் போதும். அந்த ஒரு கட்டம் நிரம்பாமல் கிடந்தது ஒரே ஒரு படைப்புக்குத்தான்.

அதைச் செய்தவர் பொறியியல் பிரிவில் ஒலியைப் பற்றிப் பாடம் எடுக்கும் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார். அவர் செய்திருந்தது ஒரு தரை. ஒரு சின்ன அறை அளவு மரச்சட்டம். அதன்மேல் பீங்கான் ஓடுகள். ஒவ்வோர் ஓட்டின் அடியிலும் ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டி மரச் சுத்தி, ஒரு பீங்கான் பட்டை. ஓட்டில் கால் வைத்தால் அது லேசாக இறங்கும், சுத்தி பட்டையைத் தட்டும், மணிபோல் ஒலி கேட்கும். ஓட்டுக்கு ஓடு சுருதி வேறு. பத்துப் பேர் நடந்தால் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு பாட்டை உண்டாக்குவார்கள் என்பது அவர் எண்ணம்.

பொறியியல் துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, ஆனால் இது கலை" என்றார். இசைத்துறைத் தலைவி பார்த்துவிட்டு, "புத்திசாலித்தனமாக இருக்கிறது, ஆனால் இது இயந்திரம்" என்றார். இருவரும் கையெழுத்துப் போடவில்லை. துறை இல்லாத படைப்பு "இதர" என்ற பகுதிக்குப் போகும். அந்தப் பகுதியில் இருப்பது ஒப்பந்தப் புதுப்பிப்புக்குக் கணக்கில் வராது. அவருடைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. ஒப்பந்தம் போனால் விசா போகும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பாதியில் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது என்று அவர் மனைவி என்னிடம் கேட்டிருந்தார். 

கடைசியில் இரு தலைவர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கண்காட்சி அன்று மதியம் இரண்டு மணிக்குச் சேர்ந்து வந்து பார்ப்பார்கள். வந்தவர்கள் தரையை உண்மையிலேயே பயன்படுத்தினால் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்வார். இல்லையென்றால் "இதர".

பத்து மணிக்குக் கூடம் திறந்தது. பாலாடைக்கட்டி அரை மணி நேரத்தில் தீர்ந்தது. லிஃப்ட் வாசலில் வரிசை. தரையின் முன்னால் அரபி, ஆங்கிலம், உருது என மூன்று மொழிகளில் "நடந்து பாருங்கள்" என்று பலகை நின்றது. கூட்டம் வந்தது, பலகையைப் படித்தது, குனிந்து ஓடுகளைப் பார்த்தது, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

பதினொன்றரைக்கு அவர் என் மேசைக்கு வந்தார். 

"அக்கா, ஒருத்தரும் ஏறினமில்லை. சுத்திச் சுத்திப் போகினம்."

போய்ப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஓடுகளைச் சுட்டுக் கொடுத்தது பக்கத்துப் பீங்கான் ஆலையின் சூளைத் தொழிலாளர்கள். அவர்களுக்கு நன்றி சொல்வதாக இவர் ஒவ்வோர் ஓட்டிலும் ஒவ்வொருவர் பெயரின் முதல் எழுத்தை, அவரவர் கையாலேயே, அவரவர் மொழியிலேயே எழுத வைத்திருந்தார். தமிழ், மலையாளம், உருது, வங்காளம், அரபி. நீலத்தில் பளபளவென்று இருந்தன. எழுத்தின் மேல் யார் காலை வைப்பார்கள்? ஒரு மாணவன் மட்டும் ஒரு காலைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற காவலாளி பார்த்த பார்வையில் "ஸாரி, ஸாரி" என்று பின்வாங்கிப் போனான்.

"நீங்களே ஏறிக் காட்டுங்க தம்பி. ஒருத்தர் ஏறினா மத்தவங்க வருவாங்க" என்றேன்.

"ஓம், அதுதான் சரி." ஷூவைக் கழற்றினார். வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே இருந்த எழுத்தைப் பார்த்தார். காலைத் திரும்பத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

"என்ர காலே போகுதில்லை அக்கா."

"அப்ப டெஸ்ட் எப்படிப் பண்ணினீங்க?"

"மண்மூட்டையை வச்சுத்தான் பாத்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்ததும், "டிசம்பரிலயே டிக்கெட் போட வேண்டியதுதான் போல" என்றார். நான் சிரிப்பை நிறுத்தினேன்.

பன்னிரண்டரைக்குப் பீங்கான் ஆலை பஸ் வந்தது. தங்கள் எழுத்தைப் பார்க்க அந்தத் தொழிலாளர்களையே அவர் அழைத்திருந்தார். பத்துப் பேர், குளித்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, சலவைச் சட்டையில் வந்தார்கள். முன்னால் வந்தவர் ராமநாதபுரத்துக்காரர், சூளை ஃபோர்மேன். தரையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சார், நம்ம பேரைக் கொண்டாந்து தரையில போட்டு வச்சிருக்கீங்க? செவுத்துல மாட்டுவீங்கன்னுல்ல நெனச்சோம்."

"மிதிக்கத்தான் அண்ணை. ஏறி நடவுங்கோ."

"நல்லா இருக்கே கதை! ஊர்ல பேப்பர் மேல கால் பட்டாலே தொட்டுக் கும்புடுவோம். நம்ம எழுத்த நாமளே மிதிக்கிறதா? டேய், நீ மிதிப்பியாடா?"

கேட்கப்பட்டவர் அவருடைய ரூம் கூட்டாளி, உயரமான பெஷாவர்க்காரர். கைச்சாடையிலேயே கேள்வி புரிந்து, அவர் காதைத் தொட்டுக்கொண்டு, "நஹி பாய், நஹி" என்றார்.

அவ்வளவுதான். என் கையில் அச்சுக்குப் போக வேண்டிய விவரப் புத்தகத்தின் கடைசிப் படி இருந்தது. "இதர" என்ற பகுதியைத் திறந்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். எழுத மனம் வரவில்லை.

வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். பிரியாணி வந்து இறங்கியது. மேசைகள் எல்லாம் கண்காட்சிக்குப் போயிருந்தன. நான் கை பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து ஃபோர்மேன், "மேசை எதுக்கு மேடம்? சுஃப்ரா பஸ்ஸிலயே கெடக்கு" என்றார். தொழிலாளர் கேம்ப்பில் தரையில் விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பிளாஸ்டிக் விரிப்பு அது. இந்தப் பக்கம் அது இல்லாத அறையே கிடையாது. கூடத்தில் காலியாக இருந்த ஒரே இடம் அந்தத் தரையைச் சுற்றித்தான். சட்டத்தின் நான்கு பக்கமும் சுருளிலிருந்து விரிப்பைக் கிழித்துப் போட்டார்கள். செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு, தரையை நடுவில் வைத்து, வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"நடுவுல பிரியாணியக் காணோமேடா. வெறும் எழுத்துல்ல பரிமாறியிருக்காரு சார்!"

சாப்பிட்டார்கள். கை கழுவி வந்து, பால் கலக்காத சுலைமானி டீயோடு திரும்ப உட்கார்ந்தார்கள். ஃபோர்மேன் எதிரிலேயே அவருடைய "மு" இருந்தது. டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடி துடைப்பதுபோல் அந்த எழுத்தை உள்ளங்கையால் துடைத்தார். அழுத்தித் துடைத்திருக்க வேண்டும்.

டிங் என்றது.

"அட!" என்று கையை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி டிங். "யேய், எம் பேரு பாடுதுடா!"

பெஷாவர்க்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் எழுத்தைத் தேடினார். அது எதிர்ப்பக்கம் இருந்தது. முழங்காலால் நகர்ந்து போய் இரண்டு கையாலும் அழுத்தினார். அடித்தொண்டையில் முனகுவதுபோல் கனத்த ஒலி வந்தது. "உன் கொரல்தான்டா அது! ரூம்ல ராத்திரி இதேதான்!" என்று ஃபோர்மேன் கத்த, அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கூட்டம் சிரித்ததில் எல்லாம் புரிந்தது. பிறகு பத்துப் பேருக்கும் அவரவர் எழுத்து வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் கேம்ப்பில் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போடுகிறவர்கள் அவர்கள். முதலில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. மாணவர்கள் புத்தகப் பையைப் போட்டுவிட்டு இடையிடையே நுழைந்து உட்கார்ந்தார்கள். யாழ்ப்பாணத் தம்பி தூணில் சாய்ந்து நின்றார். "இப்பிடி நான் யோசிக்கவேயில்லை, யோசிக்கவேயில்லை" என்று தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்குத் தலைவர்கள் இருவரும் வந்தார்கள். இசைத்துறைத் தலைவி வாசலிலேயே நின்று காதைச் சாய்த்தார். பலகையைப் பார்த்தார், உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தார். "நடக்க வேண்டியதல்லவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கேம்ப்பில் பேசும் அரபியும் இந்தியும் கலந்து ஃபோர்மேன் முந்திக்கொண்டார், நடப்பதில்லை, இங்கே உட்காருங்கள் என்று. "நடக்கறது மாஃபி மேடம்! யல்லா, இதர் பைட்டியே!" என்று பக்கத்தில் இடம் ஒதுக்கி, விரிப்பைத் தட்டிவிட்டார்.

அந்த அம்மாள் சிரித்தார். அபாயா அங்கியை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் பெயரின் முதல் எழுத்தை அரபியில் தேடினார். அரபிக்கும் உருதுவுக்கும் வரிவடிவம் ஒன்றுதான் என்பதால் அது பெஷாவர்க்காரருடைய எழுத்தும்தான். அவர் மார்பில் கை வைத்துப் பெருமையாக அதை விட்டுக்கொடுத்தார். பொறியியல் தலைவர் பருமனானவர், முழங்கால் வலிக்காரர். இரண்டு பேர் தோளைப் பிடித்து அவரை இறக்க வேண்டியிருந்தது. இறங்கிய பிறகு அவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் பென்சிலோடு போய் நின்றேன். "எந்தத் துறை என்று போடட்டும்?"

"இசை" என்றார் இசைத்துறைத் தலைவி.

"எப்படி இசை? ஸ்பிரிங் எங்கள் பணிமனையில் செய்தது" என்றார் பொறியியல் தலைவர்.

"போன வாரம் கலை என்றீர்களே!"

"நீங்கள் இயந்திரம் என்றீர்களே!"

"புத்தகத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது" என்றேன்.

"அதற்கு நடுவில் ஒரு கோடு போடுங்கள்" என்றார் இசைத்துறைத் தலைவி, ஓட்டிலிருந்து கையை எடுக்காமலே. இத்தனை ஆண்டுகளில் எந்தக் கட்டத்தையும் நான் பிரித்ததில்லை. பிரித்தேன். அடிக்கோலை வைத்துத்தான். இருவரும் அவரவர் பாதியில் கையெழுத்துப் போட்டார்கள். புதுப்பிக்கும் பரிந்துரை அந்த வாரமே போகும் என்று பொறியியல் தலைவர் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார். அப்படியே போகவும் செய்தது.

தம்பி தூண் மறைவில் நின்று வீட்டுக்கு போன் போட்டார். மகள் எடுத்திருக்க வேண்டும். "அம்மாட்டச் சொல்லு. பரீட்சை நீ இங்கதான் எழுதுறாய். என்ன? ஓம், உண்மையாத்தான். இல்லையடி, ஒருத்தரும் மிதிக்கேல்லை. பிறகு கதைக்கிறன், இங்க ஒரே சத்தம்."

மாலை டயரியில் இதையெல்லாம் எழுதியபோது ஒரு நாளுக்கு ஒதுக்கிய பக்கம் போதாமல் அடுத்த நாளின் பக்கத்திலும் பாதி போய்விட்டது. எனக்கு அது பிடிக்காத காரியம். அன்று பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை, கைப்பையைக்கூட வைக்காமல் நேரே கீழ்த்தளக் கூடத்துக்குப் போனேன். "நடந்து பாருங்கள்" பலகையை எடுத்துவிட்டு, "செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்" என்று மூன்று மொழிகளோடு தமிழிலும் எழுதி வைத்தேன். நின்றுகொண்டு படிக்கும் உயரத்தில் வேண்டாம் என்று, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகத் தாழ்த்தி வைத்தேன்.