வேலிக்கு அந்தப் பக்கம் ஆரத்தி

மூன்று தேர்தல்களில் எங்கள் கட்சியின் மேஜையில் உட்கார்ந்து வாக்காளர்களுக்குச் சீட்டு எழுதியவன் நான். பட்டியலில் பெயரைத் தேடி, வரிசை எண்ணையும் பூத் எண்ணையும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆரணி அரிசி மில்லில் எடைச்சீட்டு எழுதும் கை என்பதால் இந்த வேலை எனக்கு வந்தது. அதோடு, தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு எங்கள் காலனியில் ஒரு வகுப்பும் எடுப்பேன். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தொட்டு, பழைய தாளில் குத்திக் காட்டுவேன். ஒரே சின்னம், ஒரே முத்திரை. இரண்டு இடத்தில் குத்தினால் ஓட்டு செல்லாது. மை மறுபக்கம் ஒட்டாமல் மடிக்க வேண்டும். இதை எல்லோரும் ஒப்பிக்கும்வரை விடமாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தேர்தலில்தான் சிக்கல். அதைச் சொல்ல முதலில் பாதையைச் சொல்ல வேண்டும். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி ஒரு மிராசுதாரின் வயலைக் குறுக்கே கடந்து, அப்பால் பஸ் ரோட்டில் சேரும். அந்த வழியை அவர் முள்வேலி போட்டு அடைத்தார். இன்னொரு வழி மேல்தெருவுக்குள் போகிறது. அதில் பிணத்தோடு எங்களை விடமாட்டார்கள். என் அம்மாவை ஐப்பசி மழையில் வாய்க்காலில் இறங்கித்தான் தூக்கிப் போனோம். அன்றைய டைரியில் 'தண்ணீர் இடுப்பளவு, பாடையின் கால்மாடு நனைந்தது' என்று இருக்கிறது.

வேலியை அகற்றக் கோரி எங்கள் கிளையில் தீர்மானம் போட்டோம். எழுதியதும் நான்தான். பிறகு கூட்டணி வந்தது. எங்கள் தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போனது. அவர்கள் நிறுத்திய வேட்பாளர் அந்த மிராசுதார்.

கிளைச் செயலாளர் மில்லுக்கே வந்து சொன்னார்.

"மேலிடத்து முடிவு தோழர். நமக்கு மாநிலம் முக்கியம்."

"வேலி?"

"ஜெயிச்சப்புறம் பேசிக்கலாம். இப்ப அதக் கிளறிக்கினு இருந்தா எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான்."

"நான் இந்தத் தடவை சீட்டு எழுத வரல."

"வராட்டி போ. எவனாவது கோழி கிளறின மாதிரி எழுதுவான். உங்க ஜனம் பூத் பூத்தா அலையும். அதுதான் உன் கொள்கைன்னா நான் இன்னா சொல்றது?"

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்தார். என் அண்ணன் மனைவி. நடவுப் பெண்களுக்குத் தலைமை அவர்தான். அந்த மிராசுதாரின் வயலிலும் நட்டவர்.

"சீட்டு எழுத மாட்டேன்னியாமே?"

"எப்படி எழுதறது அண்ணி? அம்மாவ எந்தத் தண்ணியில தூக்கினு போனோம்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கல, அதான் கேக்கறேன். நீ எழுதலேன்னா வேலி விழுந்துடுமா?"

"விழாது."

"அப்ப கம்முனு இரு. அவரு ஓட்டு கேக்க என்னிக்கு வராரு, அத்த மட்டும் விசாரிச்சு சொல்லு."

விசாரித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

எங்கள் பக்கத்தில் வேட்பாளர் வந்தால் பெண்கள் ஆரத்தி எடுப்பது வழக்கம். ஆரத்தி இல்லாத தெருவைப் பெரிய அபசகுனமாக எண்ணுவார்கள். வெள்ளிக்கிழமை மேல்தெரு வழியாக வந்த மிராசுதாரின் ஜீப் காலனி முனையில் நின்றபோது, அங்கே ஒருவரும் இல்லை. பெண்கள் அத்தனை பேரும் தட்டுகளோடு காலனியின் மறுகோடியில், வேலியோரம் நின்றார்கள். செயலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, பேஜாரு பண்றீங்க? அங்க ஆளே காணோம்."

"ஆரத்தி இங்கதான்," என்றார் அண்ணி. "ரோட்டுப் பக்கமா சுத்தினு வரச் சொல்லுங்க. அவரு வயலு, அவரு வழியா வரட்டும்."

ஜீப் சுற்றிக்கொண்டு போனது. சிறிது நேரத்தில் மிராசுதார் வயலின் குறுக்கே நடந்து வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவரைக் கண்டதும் அண்ணி கற்பூரத்தை ஏற்றினார்.

"இப்படி வாங்கம்மா," என்றார் மிராசுதார்.

"எப்படி நைனா வர்றது? முள்ளு கீது."

"யாரு வேலியோ தெரியல," என்றாள் பின்னால் ஒருத்தி. "ஓட்டு கேட்டா வழி உடுமோ இன்னாவோ."

பெண்கள் சிரித்தார்கள். அவருடன் வந்தவர்களிலும் சிலர் சிரித்தார்கள். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதி எரிந்திருந்தது; சுற்றுமுன் அணைந்தால் அபசகுனம். தன் மச்சானிடம் ஏதோ சொன்னார். மச்சான் கூட வந்த ஆளிடம் கொடுவாள் வாங்கி, இரண்டு ஆள் அகலத்துக்கு வேலியை வெட்டித் தள்ளினார். மிராசுதார் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். அண்ணி மூன்று முறை சுற்றி, அவர் நெற்றியில் பொட்டு வைத்தார்.

"இந்த வழி இப்படியே இருந்தா, எங்க ஓட்டும் உங்களுக்கே இருக்கும்."

"இருக்கும்மா," என்றார் அவர்.

நான் பனைமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தீர்மானம் ஒரு முள்ளைக்கூட அசைக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டேன். அவர் பிழையை உணர்ந்து வெட்டவில்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே அளவுக்கு உறுத்தின.

"இப்ப வந்து சீட்டு எழுது," என்றார் அண்ணி.

எழுதினேன். தேர்தலன்று கட்சி அனுப்பிய சின்னம் போட்ட சீட்டுகளைத் தொடவில்லை. மில்லிலிருந்து கொண்டுபோன வெற்றுத்தாளில் எழுதினேன். பிற்பகலில் நானும் ஓட்டுப் போட உள்ளே போனேன். முத்திரையை மிராசுதாரின் சின்னத்தில் குத்தினேன். அதையே எடுத்து இன்னொரு சின்னத்திலும் குத்தினேன். மை ஒட்டாமல் ஒழுங்காக மடித்துப் பெட்டியில் போட்டேன். காலனியில் செல்லாத ஓட்டு யாருடையது என்று அண்ணிக்கு நான் சொன்னதில்லை.

மிராசுதார் ஜெயித்தார். இரண்டு மாதம் கழித்து அவர் ஆட்கள் வழியை மறுபடி அடைக்க முள் கொண்டுவந்து இறக்கினார்கள். உழவு முடியும்வரை மட்டும் என்றார்கள். ஆனால் வேலி வெட்டிய மறுநாளிலிருந்தே நடவுப் பெண்கள் காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் போய் வந்தார்கள். அண்ணியின் ஏற்பாடு. போகிறவர் யார், என்ன நேரம் என்று நான் டைரியில் குறித்துவந்தேன். வழி புழக்கத்தில் இருப்பதற்குச் சாட்சியாக அதைப் படி எடுத்து மனுவோடு தாலுகா ஆபீஸில் கொடுத்தோம். அலைய விட்டார்கள். நான்காவது தடவைக்குப் பிறகு சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்து, பாதையின் இருபுறமும் எல்லைக்கல் நட்டார். அந்த மழைக்காலத்தில் காலனியில் ஒரு முதியவர் இறந்தார். வாய்க்காலில் இறங்காமல் அந்த வயல் வழியாகவே தூக்கிப் போனோம்.

அடுத்த தேர்தலுக்குச் செயலாளர் நோட்டீஸ் கொண்டுவந்தார். 'கூட்டணியின் சாதனைகள்' என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாகச் சுடுகாட்டுப் பாதை இருந்தது. நான் அதை அண்ணிக்குப் படித்துக் காட்டி, மறுப்பு எழுதப்போவதாகச் சொன்னேன்.

"எழுதிக்கினு போறாங்க, உடு தம்பி," என்றார். "பொணம் நனையாம போவுதா இல்லியா?"

மறுப்பு எழுதவில்லை. நோட்டீஸை டைரியில் ஒட்டி, மூன்றாவது வரிக்குப் பக்கத்தில், வேலியை வெட்டியது வேட்பாளரின் மச்சான், வெட்ட வைத்தது என் அண்ணி என்று எழுதிவைத்தேன்.