புளி போட்டு மினுக்கிய தோட்டாக் கோதுகள்

எண்பதுகளின் நடுவில் பாடனுக்குப் பக்கத்தில் ஒரு சுவிஸ் கிழவரின் மேல்மாடியில் குடியிருந்தோம். தமிழர் என்றதும் கதவைச் சாத்திய ஊரில், வாருங்கள் என்று வீட்டுத் திறப்பைத் தந்த மனுசன் அவர். இவருக்கு, அதுதான் என் கணவருக்கு, வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை. சும்மா இருக்க முடியாத பிறவி. கிழவருக்கு உதவுகிறேன் என்று நாள் முழுக்க நிலவறையில் கிடப்பார்.

கிழவருக்குத் துவக்கால் குறிபார்த்துச் சுடுவதில் பைத்தியம். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை எறியமாட்டார்; மறுபடி வெடிமருந்து அடைத்துச் சுடுவார். எத்தனை தரம் சுட்டது என்று பார்த்து வேறு வேறு தட்டுகளில் வைத்திருந்தார். ஒருநாள் அவர் கடைக்குப் போன நேரம், கறுத்துக் கிடந்த அத்தனையையும் இவர் ஒரே வாளியில் கொட்டி, என்னுடைய பழப்புளியைக் கரைத்து, திருவிழாவுக்குக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல மினுக்கிவிட்டார்.

கிழவர் வந்து பார்த்தார். பளபளவென்று ஒரு குவியல். எது புதிது, எது நைந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. நைந்த கோது துவக்குக்குள் பிளந்தால் நெருப்பு கண்ணுக்குத்தான் வரும் என்று மெதுவாக விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை போட்டி வேறு.

"பித்தளையெண்டால் மினுக்கத்தானே வேணும்," என்றார் இவர்.

"உங்களை ஆர் கேட்டது? அந்த மனுசன்ரை கண் போனால் என்ன செய்வியள்?"

அந்த அசட்டு முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

பிறகு நைந்ததைப் பிரித்தெடுக்க மூவருமாகக் குந்தினோம். கோதின் கழுத்தில் சின்னக் குழாய்த் துண்டொன்றைக் கொழுவினால் அது கழுத்துக்குக் கீழே அகலும் தோளில் போய் நிற்கும். சுடச் சுடக் கோது நீளும் என்பதால், அடியிலிருந்து குழாய் நுனிவரை இவர் வேர்னியர் அளவுகோலால் அளந்தார். கிழவரின் துவக்குக்குச் சரியாக இருந்த ஒரு கோதின் அளவோடு ஒத்துவராததெல்லாம் குப்பைக்கு. ஒத்துவந்ததற்குள் நான் வளைத்த கம்பியை விட்டுத் தடவினேன். அடிப்பக்கச் சுவர் மெலிந்து கம்பி பள்ளத்தில் இடறினால் அதுவும் குப்பைக்கு. போதும் போதும் என்றார் கிழவர். நான் விடவில்லை. அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கை.

ஞாயிறு காலை இவரும் கிழவரோடு போட்டிக்குப் போய்விட்டார். மலைப்பக்கமிருந்து வெடி கேட்கத் தொடங்கியது. யாருடைய வெடி என்று தெரியாது. ஆனால் ஒருவருக்கு ஏதும் நடந்தால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள்தானே. சண்டை நடந்த எங்கள் ஊரில் வெடிச்சத்தம் நிற்கட்டும் என்று எவ்வளவோ கும்பிட்டவள் நான். அன்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, நிற்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று கும்பிட்டேன்.